கஷ்பாருக்கு அடித்த மணி

பென்சில்வேனியா, ஆற்றங்கரை மில் தெரு
12 மே 1907

அன்புள்ள மருமகள் பர்போராவுக்கு உன் தாய்மாமன் கஷ்பார் எழுதுவது. நானும் உன் புருஷன் ஒண்ட்ரேயும் இங்கே நலம். நீயும் குழந்தை இல்காவும் அங்கே நலம்தானே?

ஒண்ட்ரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவன் சொல்வது கால் பங்கு, மீதி நான் போடுவது. மாப்பிள்ளை நல்ல பையன்தான், ஆனால் அவனை விட்டால் “நான் நல்லா இருக்கேன், நீ நல்லா இரு” என்று சொல்லி முடித்துவிடுவான். அதற்கு எதற்குக் கடல் தாண்டி ஒரு கடிதம்? மூன்று குளிர்காலம் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுதினால் எழுதியது போல இருக்க வேண்டும்.

எங்கள் இரும்பு மில்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம்மூர்க் கோயிலைக் கோபுரத்தோடு தூக்கி உள்ளே வைத்தால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் போய் நின்ற பிறகுதான் உலையைத் திறப்பார்கள். பெரிய மேஸ்திரி ஒருநாள் என் தோளில் தட்டி, “உன்னைப் போல இன்னும் பத்துப் பேர் உங்கள் தேசத்தில் கிடைப்பார்களா?” என்று கேட்டான். அவன் பேசியது ஆங்கிலம். ஆனால் அதைத்தான் கேட்டான்.

நாங்கள் இருப்பது பல்கோவா அம்மாள் வீட்டில். பன்னிரண்டு பேர் தங்கியிருக்கிறோம், எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள். இங்கே படுக்கை எப்போதும் சூடாகவே இருக்கும், தெரியுமா? வேலை முடிந்து வந்து படுத்தால் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி கதகதப்பு. அமெரிக்காவில் அதற்கென்றே ஓர் ஏற்பாடு.

இதை எழுதும்போது உன் புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டு, “மாமா, அவ நம்பிடுவா. கொஞ்சம் கம்மியா எழுதுங்க” என்கிறான்.

இலையுதிர் காலத்தில் குழந்தையோடு கப்பல் ஏறி வந்துவிடச் சொல்கிறான். மில் பக்கம் பார்க்காத ஜன்னல் ஒன்றாவது உள்ள வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறான்.

உன் மாமன்
கஷ்பார்


வீஷ்னா லூகா
5 ஜூன் 1907

மாமாவுக்கு வணக்கம்.

சூடு ஏற்றிய படுக்கையைப் பற்றிப் பங்குச் சாமியார் வீட்டுச் சமையல்காரியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப் பேர் வந்து கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். மெத்தைக்குள் குழாய் வைத்து வெந்நீர் விடுகிறார்களா, கீழே கரி போடுகிறார்களா என்று பெரிய வாக்குவாதம். கடைசியில், போன வருஷம் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த தச்சர் எழுந்து சொன்னார்: “அடி பைத்தியங்களா, பகல் ஷிப்டுக்காரன் எந்திரிச்சுப் போனதும் ராத்திரி ஷிப்டுக்காரன் வந்து அதே எடத்துல படுக்கிறான். சூடு அவன் ஒடம்புச் சூடு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்குள் போய் யோசித்தேன். அப்படியானால் நீங்களும் அவரும் ஒரே படுக்கையைத்தான் மாறி மாறிப் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்த்துப் பேசுவதே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். சரிதானே மாமா?

அக்டோபரில் வருகிறோம். உங்கள் அக்கா, என் அம்மா, அழுகிறாள். இருந்தாலும் போகச் சொல்லிவிட்டாள். அவரிடம் நான் கேட்டதாக ஒன்று கேளுங்கள். பதிலை நீங்கள் எதுவும் சேர்க்காமல் எழுதுங்கள். அங்கே வேலை பயமா?

பர்போரா


மில் தெரு
14 ஜூலை 1907, ஞாயிறு

அன்புள்ள பர்போராவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நம்மூர் சிரில் இன்று மதியம் இரண்டரை மணி ரயிலில் நியூயார்க் போய் ஊருக்குக் கப்பல் ஏறுகிறான். அவன் கையிலேயே கொடுத்துவிடப் போகிறேன். தபாலைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

இன்று எங்கள் புனித மார்ட்டின் சங்கத்துக்குக் கொடி மந்திரிக்கும் நாள். கொடிக்கு முன்னால் வாள் பிடித்து நடந்தது யார் என்று நினைக்கிறாய்? தங்கச் சரிகை வைத்த நீலக் கோட்டு, தோளில் குஞ்சம், தொப்பியில் முழ நீளத்துக்கு வெள்ளை இறகு. தெருவின் இரண்டு பக்கமும் பத்தாயிரம் பேர் நின்றார்கள். ஐரிஷ்காரர்கள்கூடத் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருத்தி என்னை ஏதோ சக்கரவர்த்தியின் தளபதி என்று நினைத்து மண்டியிடப் போய்விட்டாள், நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன்.

இந்த வாள் என் கைக்கு வந்தது உன் புருஷனால். ஷிப்ட் மாறும் ஞாயிறு இன்று. ஒரு கோஷ்டிக்கு முழு ஓய்வு, இன்னொரு கோஷ்டிக்கு இருபத்து நான்கு மணி நேரம் தொடர்ந்து வேலை. இந்தத் தடவை நெடுவேலை எனக்கு, ஓய்வு அவனுக்கு. நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்ததைப் பார்த்துவிட்டு அவனாகவே சொன்னான்: “நீங்க போயி வாளைப் புடிங்க மாமா. ஒங்க வில்லையக் குடுங்க, நான் போறேன்.” வில்லை என்பது எண் அடித்த பித்தளைத் துண்டு, வாசலில் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். முகத்தை எவனும் பார்ப்பதில்லை.

நீ கேட்டதை அவனிடம் கேட்டேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. “பயம்தான். அவ வந்துட்டா வேற வேலை பாத்துக்கலாம்.”

இப்போது மணி இரண்டு. விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள். பல்கோவா அம்மாள் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி போட்டு உருளைக்கிழங்கு உருண்டை செய்திருக்கிறாள். ஒண்ட்ரேக்கு ஒரு தட்டு எடுத்து மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கஷ்பார்


வீஷ்னா லூகா
13 ஆகஸ்ட் 1907

என் ஒண்ட்ரே,

இதை உனக்குப் படித்துக் காட்டுகிறவர் யாரோ, அவருக்கு வணக்கம். மெதுவாகப் படியுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தால்தான் அவர் மனதில் நிற்கும்.

அமெரிக்காவில் இருக்கும் நம் தேசத்துக் கான்சல் அலுவலகத்திலிருந்து சாமியாருக்குக் காகிதம் வந்தது. கஷ்பார் மாமா ஜூலை பதினான்காம் தேதி மில்லில் இறந்துவிட்டார் என்று இருந்தது. கொப்பரையிலிருந்து உருகிய இரும்பு கொட்டியதாம். அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள், ஒன்றரை வரி. சாமியார் வாசலில் நின்று படித்தார். அம்மா கையிலிருந்த முட்டைக் கூடையை இறக்கி வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். படித்து முடித்த பிறகும் அப்படியே நின்றாள். நான்தான் போய்க் கூடையை வாங்கினேன்.

மூன்று நாள் மணி அடித்தார்கள். நேற்றுப் பூசை. மாமாவிடம் வம்பு பேசிய எல்லாரும் வந்திருந்தார்கள். அவர் சொன்ன பொய்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். கரடியைத் துடைப்பத்தால் அடித்து விரட்டினாரே, அது முதற்கொண்டு. உனக்குத் தெரியும், அது கரடி இல்லை, பக்கத்து வீட்டு நாய்.

நீ அங்கே தனியாக என்ன செய்கிறாய்? உன்னால் எழுத முடியாது, எழுதிக் கொடுத்தவரும் போய்விட்டார். இத்தனை நாள் உன்னிடமிருந்து சேதி வராததற்கு அதுதான் காரணம் என்று தெரிந்துகொண்டேன். சங்கத்தில் யாரையாவது பிடித்து நான்கு வரி எழுதச் சொல். எனக்கு இருக்கும் வெட்கத்தை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். சாமியார் “மில்லில் இறந்து” என்று படிக்கத் தொடங்கி, பெயர் வருவதற்குள் ஒரு மூச்சு விட்டார். அந்த நேரத்தில் என் உயிர் என்னிடம் இல்லை. பெயர் மாமாவுடையது என்று கேட்டதும், ஆண்டவரே, எனக்குச் சந்தோஷம் வந்தது ஒண்ட்ரே. என்னை மன்னித்துவிடச் சொல்லி மாமாவின் கல்லறையில் நீ கேட்க வேண்டும்.

உன் பர்போரா


மில் தெரு
2 செப்டம்பர் 1907

அன்புள்ள பர்போராவுக்கு,

பயப்படாமல் உட்கார்ந்துகொண்டு படி. இது உன் மாமன் கஷ்பாரின் கையெழுத்துதான். நான் சாகவில்லை. சாவதற்கு எனக்கு எங்கே நேரம்?

கம்பெனி குமாஸ்தா ஒரு மண்டு. நம் பெயர்களை அவர்களால் வாயில் நுழைக்க முடியாது, அதனால் எல்லாருக்கும் எண்தான். எண் மாறிப் போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம். எனக்கு மணி அடித்தார்கள் என்று கேட்டதும் வீடே விழுந்து விழுந்து சிரித்தது. செத்துப் பிழைத்த மனிதன் என்று என்னைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். கரடியைப் பற்றி நீ எழுதியது தவறு, அது கரடிதான்.

உன் கடிதத்தைப் படித்தேன். ஒண்ட்ரேக்கு வந்ததை நான் படித்ததற்கு வருத்தப்படாதே. அவன் ஒஹையோவில் இருக்கிறான். அங்கே புது மில் திறந்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்களாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பினார்கள். அங்கே எழுதிக் கொடுக்க ஆள் இல்லை போலிருக்கிறது. நலமாகத்தான் இருப்பான்.

அக்டோபரில் வர வேண்டாம். கடல் சரியில்லை என்கிறார்கள். வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கஷ்பார்


வீஷ்னா லூகா
22 செப்டம்பர் 1907

மாமா,

சிரில் ப்ரேமன் துறைமுகத்தில் காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்து போன வாரம்தான் வந்து சேர்ந்தான். உங்கள் ஜூலை பதினான்காம் தேதிக் கடிதத்தைக் கொடுத்தான். நீங்கள் செத்த நாளில் நீங்களே எழுதிய கடிதம். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு தொட மாட்டேன் என்றாள். நான் படித்தேன்.

நேற்றுத் தபாலில் அடுத்தது வந்தது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் அம்மா தெருவுக்கு ஓடினாள். அக்கம்பக்கத்தார் பிளம் சாராயத்தோடு வந்துவிட்டார்கள். வீடு நிறையச் சத்தம். நான் இரண்டு கடிதங்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு நீங்கள் வாள் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தீர்கள். உங்கள் வில்லை மில்லுக்குள் இருந்தது.

மாமா, நீங்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறீர்கள், நாங்கள் எதையும் எதிர்த்துக் கேட்டதில்லை. இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள். என் புருஷன் எங்கே?

அம்மாவிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. சாராயம் கொண்டு வந்தவர்களுக்கு ரொட்டி வெட்டிக் கொடுத்தேன்.

பர்போரா


மில் தெரு
14 அக்டோபர் 1907

பர்போரா,

ஒண்ட்ரே இறந்துவிட்டான். ஜூலை பதினான்கு, பகல் மூன்று மணிக்கு மேல்.

இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

விருந்தில் பாடிக்கொண்டிருந்தோம். மில் சங்கு ஊளையிட்டது. அந்த ஊளை எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். நான் அந்தக் கோட்டோடும் தொப்பியோடும் வாசலுக்கு ஓடினேன். உள்ளே விடவில்லை, என்னிடம் வில்லை இல்லையே. மாலையில் ஒரு பெட்டியை ஆணி அடித்து மூடிக் கொண்டு வந்தார்கள். முகம் என்று ஒன்று இல்லை என்றார்கள். பித்தளை வில்லை மட்டும் தள்ளித் தெறித்து விழுந்ததால் உருகாமல் கிடைத்திருக்கிறது. அதை வைத்து என் பெயரை எழுதிக்கொண்டார்கள். மறுநாள் புதைத்தோம். சிலுவையில் கஷ்பார் என்று இருந்தது. என் கல்லறைக்கு நானே மண் போட்டேன்.

வில்லையை மாற்றிக் கொடுத்தது தெரிந்தால் இந்த ஆற்றங்கரையில் எந்த மில்லிலும் சேர்க்க மாட்டார்கள். சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள்: “செத்தவன் செத்துட்டான். ஒண்ட்ரே வில்லை சுவத்துல தொங்குது. எடுத்துக்கிட்டுப் போ.” எடுத்துக்கொண்டு போனேன். மூன்று மாதமாக நான்தான் ஒண்ட்ரே. ஒருவன்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அவன் மஞ்சள் முடிக்காரன், என்னைவிட ஒரு தலை உயரம், என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன். ஒருவன்கூட என் முகத்தைப் பார்த்து நீ யார் என்று கேட்கவில்லை.

இப்போது படுக்கை முழுவதும் எனக்குத்தான். எந்நேரமும் சில்லென்று கிடக்கிறது. கீழே பலகையில் படுத்துக்கொள்கிறேன்.

போன வாரம் ஒரு அமெரிக்கப் பெண்மணி வந்தாள். சீர்திருத்தக்காரர்கள் என்று ஒரு கூட்டம் பெரிய நகரங்களிலிருந்து வந்திருக்கிறது. ஒரு வருஷத்தில் மில்லில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணுகிறார்கள். செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. சட்டம் போட வைக்கப் போகிறார்களாம். கூட மொழிபெயர்க்க நம் ஆள் ஒருவன். அந்தப் பெண்மணி பல்கோவா அம்மாளின் சமையலறையில் உட்கார்ந்து, கஷ்பார் என்பவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

சொன்னேன். உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. கஷ்பார் எப்படிப்பட்டவன், சங்கத்துக்கே தூண், இரண்டு ஆள் தூக்குவதை ஒற்றைக் கையால் தூக்குவான், அவன் பாடினால் தெருவே நிற்கும் என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். வாய் நிற்கவில்லை எனக்கு. சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பல்கோவா அம்மாள் முதுகைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவினாள், அதே பாத்திரத்தைத் திரும்பத் திரும்ப.

பிறகு அந்தப் பெண்மணி, மனைவி உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். குழந்தை? இல்லை. எழுதிக்கொண்டு ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பவன் சொன்னான்: “குடும்பம் இல்லாதது நல்லதாப் போச்சாம். இந்தச் சாவால யாரும் அனாதையாகலையேன்னு சொல்றாங்க.”

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். அட்டையை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனாள். நான் அதன்மேல் கையை வைத்துவிட்டேன்.

“அந்தச் சாவுக்கு ஒரு பொண்டாட்டி இருக்கா. ரெண்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கு. எழுதிக்கச் சொல்லு.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது புரிந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அந்த மில்லில் சேர்ந்து ஒன்பது வருஷத்தில் ஒரு அமெரிக்கர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பழைய அட்டையைக் கிழித்தாள். புதிதில் ஒண்ட்ரே என்று எழுதினாள். உன் பெயர், இல்காவின் பெயர், ஊர், எல்லாம். நீதிபதி முன்னால் நின்று கையெழுத்துப் போட வேண்டும் என்றாள், போட்டேன். மறுநாள் மேஸ்திரி வில்லையைப் பிடுங்கிக்கொண்டான். இப்போது ஆற்றில் கரிப் படகு இறக்குகிறேன். சிலுவையில் பெயரை நானே மாற்றி எழுதினேன். உன் சாமியாருக்குக் கான்சல் திருத்திய காகிதம் அனுப்புவார். அது வந்தால்தான் ஊரில் உன்னை இன்னார் விதவை என்று சொல்வார்கள், இல்லாவிட்டால் ஓடிப்போனவன் பெண்டாட்டி என்பார்கள். அதற்காகத்தான் சொன்னேன். எனக்கு வேறு துணிச்சல் கிடையாது.

கஷ்பார்


வீஷ்னா லூகா
6 நவம்பர் 1907

மாமா,

காகிதம் வந்தது. அவருக்கு மணி அடித்தார்கள். உங்களுக்கு அடித்தபோது வந்த கூட்டத்தில் பாதிதான். அழுவதை ஆகஸ்டிலேயே அழுது முடித்துவிட்டார்கள்.

உங்கள்மேல் கோபம் இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். தெரியவில்லை என்றேன். நீங்கள் வாளுக்கு ஆசைப்பட்டீர்கள், அவராகவே போனார். யாரை என்ன சொல்ல? நீதிபதி முன்னால் போய் நின்றதற்கு உங்களைக் கும்பிடுகிறேன். அதை இல்கா பெரியவளானதும் சொல்வேன்.

ஒன்றே ஒன்று என்னைத் தின்கிறது. பல்கோவா அம்மாள் பக்கத்து ஊரில் இருக்கும் தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விஷயம் இருந்ததாம். தங்கை நேரில் வந்து சொன்னாள். கொப்பரை சாயும்போது மேஸ்திரி பார்த்துவிட்டாராம். விலகச் சொல்லிக் கூப்பிட்டாராம். மற்ற இரண்டு பேர் ஓடிப் பிழைத்தார்களாம். என் புருஷன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாராம்.

அவர் காது எனக்குத் தெரியும் மாமா. நான்கு வயல் தள்ளி நான் கூப்பிட்டால் திரும்புவார். ஏன் திரும்பவில்லை? சாக வேண்டும் என்று நின்றாரா? என் மனம் அதுவரைக்கும் போகிறது. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் சரி.

பர்போரா


மில் தெரு
28 நவம்பர் 1907

பர்போரா,

சாக வேண்டும் என்று நிற்கவில்லை. அதை மனதிலிருந்து எடுத்துவிடு.

கூப்பிட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டார்கள். உயிரோடு வந்த இரண்டு பேரும் எனக்குச் சொன்னார்கள், சொல்லியே நான்கு மாதமாகிறது. போன கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதினேன், இதை மட்டும் எழுதவில்லை.

மேஸ்திரி எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இன்ன இடத்தில் இன்ன எண் என்று காலையில் பலகையில் எழுதிக்கொள்வான், அந்த எண்ணைத்தான் கத்துவான், ஆங்கிலத்தில். புதிதாக வருகிறவனுக்கு அவனுடைய எண் எப்படி ஒலிக்கும் என்று நாங்கள் சொல்லிக் கொடுப்போம். ரொட்டி, தண்ணீர் என்பதற்கு முன்னால் அதைத்தான் சொல்லிக் கொடுப்போம். ஒண்ட்ரேக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து நிற்பான். ஆங்கிலத்தில் அவனுக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான்.

அன்று மேஸ்திரி கத்தியது என் எண்ணை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் குனிந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் வில்லையை அவன் கையில் கொடுத்தேன். அதிலிருக்கும் எண்ணை எப்படிச் சொல்வார்கள் என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை.